கல்லே, உன் வயது என்ன?
சாந்தோம் பேராலயமும் அதன் அருங்காட்சியகமும்

திருக்கோவிலூரில் வளரும் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் என்ன என்று தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. உலகளந்த பெருமாள் கோயிலின் 11 நிலை இராசகோபுரம் 192 அடி உயர்ந்து நிற்கிறது. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அதை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். கோபுரத்தைப் பார்த்தால் நாம் தலைவணங்குகிறோம்; வியக்கிறோம். ஆனால், 'இதன் வயது என்ன? அது நமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பது அரிது. பழகிய பொருளைப் பற்றிக் கேள்வி எழுவதில்லை. பழகாத ஒன்றைப் பார்க்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது.

விடுமுறையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எண்மரை அழைத்துக்கொண்டு சென்னைக்குச் சென்றபோது இதை நேரில் கண்டேன். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம். விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சென்று, மறுநாள் காலை மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டிய சாந்தோம் பேராலயத்தின் முன் நின்றோம். வானைக் குத்துவது போன்ற வெண்ணிறக் கூர்ங்கோபுரம். கூர்முனையோடு மேலெழும் வாயில்கள், சாளரங்கள். சுவர்களின் உச்சியில் வரிசையாகச் சின்னஞ்சிறு சிகரங்கள்.

"ஐயா, நம் ஊர்க் கோபுரத்தைவிட இது பழையதா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

நான் விடை சொல்லவில்லை. "ஆளுக்கொரு ஆண்டை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பார்ப்போம்" என்றேன். ஒருவன் 500 ஆண்டு என்று எழுதினான். இருவர் 1000 என்று எழுதினர். "தோமையார் கல்லறை இங்கே இருக்கிறது என்கிறார்களே" என்று சொல்லி ஒருத்தி 2000 என்று எழுதினாள். காரணம் கேட்டபோது ஒரு பையன் சொன்ன விடை நினைவில் வைக்கத்தக்கது: "படக்கதைகளில் வரும் பழைய கோட்டை மாதிரி இருக்கிறது, ஐயா."

அந்தப் பையன் கண்ணால் கண்டதைச் சரியாகவே சொன்னான். ஆனால் கண் அவனை ஏமாற்றிவிட்டது. நாம் இன்று காணும் பேராலயக் கட்டடம் 1896-இல் திறந்து வைக்கப்பட்டது. சென்னை சென்ட்ரல் புகைவண்டி நிலையம் 1873-இலும், உயர்நீதிமன்றக் கட்டடம் 1892-இலும் திறக்கப்பட்டுவிட்டன. அதாவது, 'பழைய கோட்டை' போன்ற இந்தக் கோயில் அவ்விரண்டையும்விட இளையது!

பிள்ளைகளின் முகம் சற்று வாடிற்று. அந்த வாட்டத்தைப் போக்கியது, அதே வளாகத்தில் உள்ள சிறிய அருங்காட்சியகம். அதற்குள் செல்லுமுன், இந்தக் கட்டடம் ஏன் தன் வயதைக் கூட்டிக் காட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

பழைய உடையில் புதிய கட்டடம்

கோதிக் என்று இன்று நாம் அழைக்கும் கட்டடக் கலை 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் தோன்றியது. பாரிசு நகரை அடுத்த சேன் தெனி மடத்துக் கோயிலின் கீழ்ப்புறப் பகுதி 1144-இல் முடிந்தது. இக்கலையின் முதல் முழுமையான எடுத்துக்காட்டாக அதையே அறிஞர்கள் காட்டுவர். 'கோத்' என்பது பழைய செருமானிய இனக்குழு ஒன்றின் பெயர். அந்த மக்களுக்கும் இக்கலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கிரேக்க, உரோமானியக் கலையே உயர்ந்தது என்று கருதிய பிற்கால இத்தாலிய அறிஞர்கள், 'நாகரிகமற்றவர்களின் கலை' என்று இகழ்வதற்காக இட்ட பெயர் அது. இகழ்ச்சிப் பெயரே நாளடைவில் நிலைத்துவிட்டது.

16-ஆம் நூற்றாண்டுக்குப் பின் இந்தப் பாணி பெரும்பாலும் கைவிடப்பட்டது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், குறிப்பாக இங்கிலாந்தில், அதற்கு மறுபடியும் மதிப்பு வந்தது. 1834-இல் தீக்கிரையான இலண்டன் நாடாளுமன்ற மாளிகையைக் கோதிக் பாணியிலேயே திரும்பக் கட்டினார்கள். இந்த மறுபிறவியைத்தான் 'புதிய கோதிக்' என்கிறோம். கப்பலேறி வந்த இப்பாணி பம்பாயில் விக்டோரியா இரயில் முனையமாகவும், புதுச்சேரியில் 1907-இல் முடிந்த திரு இருதயப் பேராலயமாகவும் உருவெடுத்தது. சாந்தோம் பேராலயமும் அந்த வரிசையில் வந்ததே.

சாந்தோமில் அதற்கு முன்பும் கோயில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் மயிலாப்பூருக்கு வந்தனர். தோமையாரின் கல்லறை என்று மக்கள் காட்டிய இடத்தில் பாழடைந்திருந்த வழிபாட்டிடத்தை 1523-இல் திருத்தி, புதிய கோயில் கட்டினர். 1545-இல் புனித சவேரியார் இங்கே சில மாதங்கள் தங்கியிருந்தார். 1606-இல் சாந்தோம் ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கியதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே ஒரு போர்ச்சுகீசிய நகரம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1662-இல் அது கோல்கொண்டா சுல்தானின் படையிடம் வீழ்ந்தது. 1672 முதல் 1674 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1749-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை மாற்றங்களையும் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பழைய கோயில், 1893-இல் இடிக்கப்பட்டது. ஆயர் ஹென்ரிக் ஜோசே ரீட் ட சில்வா காலத்தில், கேப்டன் ஜே. ஏ. பவர் என்ற பொறியாளரின் திட்டப்படி இன்றைய பேராலயம் எழுந்தது. 1896 ஏப்ரல் 1 அன்று அது திருநிலைப்படுத்தப்பட்டது. 1956-இல் 'பசிலிக்கா' என்னும் சிறப்பைப் பெற்றது.

மணிக்கோபுரத்தின் உயரம் 155 அடி. "நம் ஊர்க் கோபுரம்தான் பெரியது!" என்று பிள்ளைகள் உடனே கணக்கிட்டுச் சொன்னார்கள். கட்டடத்தின் நடுவே மற்றொரு சிறிய கூர்ங்கோபுரமும் உண்டு. கல்லறை அமைந்த இடத்தை அது மேலே சுட்டிக் காட்டுகிறது.

கூர்வளைவு எப்படி நிற்கிறது?

கோயிலுக்குள் தொழுகை நடந்துகொண்டிருந்தது. அதனால் வெளியே மரநிழலில் நின்று ஒரு சோதனை செய்தோம். நீங்களும் வகுப்பில் செய்து பார்க்கலாம்.

இரு மாணவர்கள் எதிரெதிரே இரண்டடி தள்ளி நிற்கட்டும். உள்ளங்கைகளைத் தலைக்குமேல் ஒன்றோடொன்று சேர்த்து, ஒருவர்மேல் ஒருவர் சாயட்டும். இதுதான் வளைவு. இனிக் கால்களை மெல்ல மெல்லப் பின்னே நகர்த்தினால், ஓரளவுக்குமேல் கால் வழுக்கத் தொடங்கும். மேலிருந்து வரும் பளு கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. பக்கவாட்டிலும் தள்ளுகிறது என்பது இப்போது தெரியும். இதற்கு 'உந்துவிசை' என்று பெயர். மேலும் இரு மாணவர்கள் வந்து, வழுக்கும் கால்களுக்குப் பின்னால் தங்கள் கால்களை ஊன்றட்டும். வழுக்கல் நின்றுவிடும். அப்படி முட்டுக்கொடுப்பதுதான் 'உதைசுவர்'. சாந்தோம் கோயிலின் பக்கச் சுவர்களை ஒட்டி, சீரான இடைவெளியில் வெளியே துருத்திக்கொண்டிருப்பவை இவையே. அழகுக்காக நிற்பவைபோலத் தோன்றும் சிறு சிகரங்கள்கூட, தம் எடையால் உதைசுவரை அழுத்தி அதன் உறுதியைக் கூட்டவல்லவை.

வளைவின் முனை ஏன் கூராக இருக்கிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். பளு சீராகப் பரவியுள்ள ஒரு வளைவில், உந்துவிசையைத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்: மொத்தப் பளுவை அகலத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். பளு 16 டன், அகலம் 20 அடி என்று கொள்வோம். அரைவட்ட வளைவானால் அதன் உயரம் 10 அடி. உந்துவிசை 4 டன். அதே அகலத்தில் வளைவைக் கூராக்கி 16 அடிக்கு உயர்த்தினால், உந்துவிசை 2.5 டன்னாகக் குறைகிறது. வளைவு உயர உயர, பக்கத் தள்ளல் குறைகிறது. எனவே சுவரின் கனத்தைக் குறைக்கலாம். சுவரில் பெரிய பெரிய சாளரங்களைத் திறக்கலாம்.

ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிவியலறிஞர் 1675-இல் இன்னும் எளிய விளக்கம் ஒன்றைக் கண்டார். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது ஒரு வளைகோடாகத் தொங்கும். அப்போது அதன் கண்ணிகளில் இழுவிசை மட்டுமே இருக்கும். அந்தக் கோட்டை அப்படியே தலைகீழாக்கினால், அமுக்கவிசை மட்டுமே உள்ள வளைவு கிடைக்கும். இந்த உண்மையை அவர் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராகவே முதலில் வெளியிட்டார். எங்களிடம் சங்கிலி இல்லை, பூச்சரம் இருந்தது. ஒரு சிறுமி அதைத் தொங்கவிட, மற்றொருவன் அதன் வடிவை ஏட்டில் வரைந்து ஏட்டைத் தலைகீழாகத் திருப்பினான். வளைவு வந்துவிட்டது!

நம் ஊர்க் கோயில் மண்டபங்களைக் கட்டியவர்கள் வேறு வழியைப் பின்பற்றினார்கள். இரு தூண்களின்மேல் கல் உத்தரம், அதன்மேல் கற்பலகை. இதில் பக்கத் தள்ளல் இல்லை; உதைசுவரும் தேவையில்லை. ஆனால் உத்தரத்தின் அடிப்பக்கம் இழுவிசைக்கு ஆளாகிறது. கல் அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே உத்தரத்தை மிக நீளமாக வைக்க முடியாது. தூண்களை நெருக்கமாக நிறுத்த வேண்டும். ஆயிரங்கால் மண்டபம் தோன்றியதற்கு அழகுணர்ச்சி மட்டுமன்று, கல்லின் இந்த இயல்பும் ஒரு காரணம். இரண்டில் எது உயர்ந்தது என்பதன்று கேள்வி. ஒரே இயற்கை விதிக்கு இரு நாட்டுக் கைவினைஞர்கள் தந்த இரு விடைகள் இவை.

சான்று கேட்ட சீடர்

தொழுகை முடிந்தபின் ஓசையின்றி உள்ளே சென்றோம். பீடத்திற்குப் பின்னால் வண்ணக் கண்ணாடிச் சாளரம் காலை ஒளியில் சுடர்விட்டது. இத்தகைய சாளரங்களில் வண்ணம் கண்ணாடிமேல் பூசிய சாயமன்று. மணலை உருக்கும்போதே உலோகச் சேர்மங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். கோபால்ட்டு நீலத்தைத் தருகிறது. மாங்கனீசு ஊதாவைத் தருகிறது. செம்பு, உலையில் ஆக்சிசன் மிகுந்திருந்தால் நீலப்பச்சையையும், குறைந்திருந்தால் செந்நிறத்தையும் தருகிறது. தங்கத்தின் நுண்துகள்கள் மாணிக்கச் சிவப்பைத் தருகின்றன. இவ்வாறு செய்த துண்டுகளை வெட்டி, ஈயப் பட்டிகளால் இணைத்துச் சித்திரமாக்குகிறார்கள். அதனால் வெயிலில் சாயம் வெளுப்பதுபோல இவை வெளுப்பதில்லை.

சாளரத்தில் உள்ள காட்சி நம் கட்டுரைக்கு மிகவும் பொருத்தமானது. உயிர்த்தெழுந்த இயேசுவின்முன் தோமையார் நிற்கிறார். மற்றச் சீடர்கள் 'கண்டோம்' என்று சொன்னபோது, 'காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன்' என்றவர் அவர். சான்று கேட்டவரின் பெயரில் அமைந்த கோயில் இது. ஆகவே இங்கே நாமும் சான்று கேட்பதில் தவறில்லை.

அருங்காட்சியகத்தில் மூன்று கேள்விகள்

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பேராலயம் விரிவாகப் பழுதுபார்க்கப்பட்டது. கோயிலுக்குள் நடக்கும் வழிபாட்டுக்கு இடையூறின்றிக் கல்லறையைக் காண, நிலத்தடியில் சிற்றாலயம் ஒன்றும் தனி வழியும் அப்போது அமைக்கப்பட்டன. அருங்காட்சியகமும் அங்கேயே உள்ளது. இந்த வட்டாரத்தில் கிடைத்த செதுக்குக் கற்கள், எழுத்துப் பொறித்த கற்கள், பழைய கோயிலின் எச்சங்கள் ஆகியவற்றை அதில் காணலாம்.

பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்பவர்கள் ஒன்றை அறிவார்கள். சும்மா விட்டால் அவர்கள் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் 'பார்த்து முடித்து' விடுவார்கள். எனவே ஏட்டில் மூன்று கேள்விகளை எழுதச் சொன்னேன்.

1. நீ எதனால் ஆனாய்?
2. எங்கே கிடைத்தாய்?
3. உன் வயதை எங்களுக்குச் சொன்னது யார்?

ஆளுக்கு இரண்டு பொருள்கள். ஒவ்வொன்றிடமும் இம்மூன்றையும் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகியும் ஒருவரும் வெளியே வர விரும்பவில்லை!

மூன்றாம் கேள்விதான் கடினமானது. கல்லின் வயது வேறு. அதைச் செதுக்கிய காலம் வேறு. கருங்கல்லின் வயது பல கோடி ஆண்டுகள். அதனால் வரலாற்றுக்குப் பயனில்லை. உளி பட்ட காலத்தை அறிய எழுத்தின் வடிவம், மொழி, மன்னர் பெயர், ஆட்சியாண்டு, செதுக்கிய பாணி ஆகியவையே துணை. நூற்றாண்டுதோறும் தமிழ் எழுத்து வடிவம் மாறி வந்திருப்பதால், பயின்ற கண் ஓர் எழுத்தைப் பார்த்தே அதன் காலத்தை ஏறத்தாழச் சொல்லிவிடும். 'எங்கே கிடைத்தாய்' என்ற கேள்விக்கு விடை இல்லாமற்போனால், ஒரு கல்லின் மதிப்பில் பாதி போய்விடுகிறது.

சாந்தோமில் இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்டவர்களுள் ஒருவர் ஹோஸ்டன் என்ற சேசுசபைத் துறவி. 1920-களில் அவர் இங்கே அகழ்ந்தும் தேடியும் திரட்டிய செய்திகள் 1936-இல் நூலாக வெளிவந்தன. சாந்தோம் பகுதியில் கிடைத்தவை கிறித்தவச் சின்னங்கள் மட்டுமல்ல. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்தன. சமணத் தீர்த்தங்கரரான நேமிநாதரின் பெயரைச் சொல்லும் ஒரு கல்லும் கிடைத்தது.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. "நேற்று திண்டிவனத்தைக் கடந்தோமே, நினைவிருக்கிறதா? அதற்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூர் என்ற ஊர் உள்ளது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அங்கேதான். மயிலாப்பூரில் கடல் புகும் அச்சம் வந்தபோது, அங்கிருந்த நேமிநாதர் சிலையைச் சித்தாமூருக்குக் கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி" என்றேன். சாந்தோமில் கிடைத்த ஒரு கல்லும், நம் பக்கத்து ஊரில் வழங்கும் ஒரு செவிவழிச் செய்தியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும் வளைவைப் போல!

மயிலைக் கபாலீசுவரர் கோயிலுக்கும் இந்தக் கற்களோடு தொடர்புண்டு. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம், மயிலையைக் கடற்கரைச் சோலை சூழ்ந்த ஊராகக் காட்டுகிறது. இன்றைய கோயில் கட்டடமோ கடந்த சில நூற்றாண்டுகளுக்கு உட்பட்டது. கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளியும் இருக்கிறது. பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அது அழிந்தது கடல் அரிப்பாலா, போர்ச்சுகீசியர் காலத்து இடிப்பாலா என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கல் துண்டுகள் நமக்கு உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: இந்தக் கடற்கரைத் துண்டு நிலத்தில் சிவநெறியினரும் சமணரும் கிறித்தவரும் வெவ்வேறு காலங்களில் வழிபட்டிருக்கிறார்கள்.

நம்பிக்கை வேறு, சான்று வேறு

"அப்படியானால், தோமையார் இங்கே வந்தது உண்மைதானா?" ஏட்டில் 2000 என்று எழுதிய சிறுமியின் கேள்வி இது.

கி.பி. 52-இல் தோமையார் கேரளக் கரைக்கு வந்தார், 72-இல் மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பது கிறித்தவர்களின் மரபு. இதற்கு என்னென்ன சான்றுகள் உள்ளன என்று வரிசைப்படுத்துவோம்.

3-ஆம் நூற்றாண்டு அளவில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ஒரு நூல், தோமையார் இந்தியாவில் கொந்தபர் என்ற மன்னனிடம் சென்றதாகக் கூறுகிறது. அப்படி ஒரு மன்னனே இல்லை, அது கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் வடமேற்குப் பகுதியில் அம்மன்னனின் நாணயங்கள் கிடைத்தன. அவன் காலத்துக் கல்வெட்டும் கிடைத்தது. அவன் முதல் நூற்றாண்டில் ஆண்டவன் என்பது தெளிவாயிற்று. ஆனால் இங்கே கவனம் தேவை. மன்னன் இருந்தான் என்பதை நாணயம் மெய்ப்பிக்கிறது. தோமையார் அவனிடம் வந்தார் என்பதை மெய்ப்பிக்கவில்லை. மேலும் அந்த நாடு வடமேற்கில் உள்ளது, மயிலாப்பூரில் அன்று.

பரங்கிமலை உச்சியில் 1547-இல் கோயிலுக்கு அடித்தளம் தோண்டியபோது சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. அதன் விளிம்பில் உள்ளவை பாரசீக நாட்டுப் பகலவி எழுத்துகள். அதன் காலத்தை 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுக்குள் அறிஞர்கள் கணிக்கிறார்கள். பாரசீகத்தோடு தொடர்புடைய கிறித்தவர்கள் அக்காலத்திலேயே இங்கு இருந்தார்கள் என்பதற்கு அது உறுதியான சான்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஒரு சிற்றூரில் தோமையாரின் கல்லறை இருப்பதாகவும், கிறித்தவரும் முசுலிம்களும் அங்கே வந்து வணங்குவதாகவும் எழுதினார். ஊரின் பெயரை அவர் சொல்லவில்லை. தோமையாரின் எலும்புகள் மிகப் பழங்காலத்திலேயே எதெசா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன என்றும், 1258-இல் இத்தாலியின் ஓர்தோனா நகரை அடைந்தன என்றும் மற்றொரு மரபு உண்டு.

ஆகவே விடை இதுதான்: வந்தார் என்பதை மெய்ப்பிக்க முதல் நூற்றாண்டுச் சான்று நம்மிடம் இல்லை, வரவில்லை என்று மெய்ப்பிக்கவும் சான்று இல்லை. பல நூற்றாண்டுகளாக மக்கள் அவ்வாறு நம்பி வந்திருக்கிறார்கள் என்பதற்கோ உறுதியான சான்று உண்டு.

"நம் ஊரிலும் இதே கதைதான்" என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாரியின் நண்பரான கபிலர், பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்தபின் பெண்ணையாற்றில் உள்ள பாறையருகே தீப்புகுந்து உயிர்நீத்தார் என்று அது சொல்கிறது. அந்தப் பாறையைத்தான் இன்றும் நாம் கபிலர் குன்று என்கிறோம். ஆனால் இராசராசன் ஆண்டது 985 முதல் 1014 வரை. கபிலரோ சங்ககாலப் புலவர். இடையே ஏறத்தாழ 800 ஆண்டுகள்! கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்பாரும் உளர். புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகளோ, பாரி மகளிரை அவர் அந்தணரிடம் ஒப்படைத்ததாகக் கூறுகின்றன.

கல்வெட்டு பொய் சொல்கிறதா? இல்லை. இராசராசன் காலத்துத் திருக்கோவிலூர் மக்கள் கபிலரை மறக்கவில்லை. அவர் முடிவை இப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பதை அது மெய்யாகவே சொல்கிறது. கபிலரின் இறுதி நாளுக்கு அது நேரடிச் சாட்சி அன்று. கபிலரைப் பற்றிய நினைவுக்குச் சாட்சி. மயிலாப்பூர்க் கல்லறையையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். ஒன்றுக்கு ஒரு நீதி, மற்றொன்றுக்கு வேறு நீதி என்றால் அது வரலாறு ஆகாது.

எதை இழக்கிறோம்?

1893-இல் பழைய கோயிலை இடித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு இடிக்கவில்லை. அதைவிடப் பெரியது, அழகியது ஒன்றைக் கட்டவே விரும்பினார்கள். இன்று நம் கண்முன் நிற்பது உண்மையிலேயே அழகியது. ஆயினும் 1523-ஆம் ஆண்டுக் கட்டடம் எப்படியிருந்தது, எந்தச் சுவரில் எந்தக் கல் பதிந்திருந்தது என்ற செய்திகள் அந்த இடிபாட்டோடு பெருமளவு மறைந்தன. ஒதுக்கி வைக்கப்பட்ட சில கற்கள்தாம் இன்று பேசுகின்றன.

இந்த இழப்பு பழைய காலத்தோடு முடிந்துவிடவில்லை. கடற்கரைக் கட்டடங்களில் உப்பு கலந்த ஈரம் சுவரின் நுண்துளைகளுக்குள் புகுகிறது. நீர் ஆவியானபின் உப்பு படிகமாகி, பருத்து, பூச்சை உதிர்க்கிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே மூச்சுவிடச் செய்யும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் செங்கல்லையே அரிக்கும். நல்லெண்ணத்தோடு செய்யும் தவறான பழுதுபார்ப்பு, பழுதைவிடக் கேடு செய்யும். ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின்மேல் வெள்ளையடிப்பதும், மணலைப் பீய்ச்சிக் கல்லைத் 'தூய்மை' செய்வதும் இத்தகையவையே. 1000 ஆண்டு நின்ற எழுத்தை ஒரே நாளில் மழுக்கிவிடலாம். மழுங்கியதை மீண்டும் பொறிக்க யாராலும் முடியாது.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறன்று, பிள்ளைகள் தாங்களாகவே வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் சென்றார்கள். சுவரில் எழுத்து இருப்பதை அதுவரை அவர்கள் உற்றுப் பார்த்ததில்லை. எந்த வரி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றார்கள். 'ம'வையும் 'ர'வையும் மட்டும் அடையாளம் கண்டுபிடித்தார்களாம். அது போதும், தொடக்கம் நல்ல தொடக்கம்தான். கல்வெட்டு எழுத்துகளின் அட்டவணை ஒன்றை இப்போது கேட்டிருக்கிறார்கள்.

2000 என்று எழுதிய சிறுமியின் ஏட்டைப் பார்த்தேன். அந்த எண்ணை அடித்துவிட்டு இவ்வாறு எழுதியிருந்தாள்: "கட்டடம் 1896. கற்கள் அதைவிடப் பழையவை. கல்லறை, தெரியவில்லை, தேட வேண்டும்."

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ இருக்கும். சுமைதாங்கியோ நடுகல்லோ இருக்கும். அடுத்த விடுமுறையில் ஓர் ஏட்டோடு அங்கே செல்லுங்கள். அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடை கிடைத்தால் எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், 'தெரியவில்லை' என்று எழுதத் தயங்காதீர்கள்.